யாழ்ப்பாணக் கோட்டையின் ஒல்லாந்தர் தேவாலயம்: மீளக்கட்டலும் இடிபாட்டைப் பேணலும் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணக் கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706இல் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990ஆம் ஆண்டுப் போரில் இடிபாடாயிற்று. போருக்குப் பின் கோட்டை மதில்களின் மீட்புப் பணி தொடங்கியபோதும் தேவாலயத்தின் எதிர்காலம் பற்றிய வினா தீராதிருந்தது. அதனை மீளக்கட்ட வேண்டும்; போரின் சாட்சியாக இடிபாடாகவே விட வேண்டும்; அந்நியர் விட்டுச்சென்ற சின்னமாதலின் அதன்பொருட்டு வருந்த வேண்டியதில்லை என மூன்று நிலைப்பாடுகளை இவ்வினாவுக்கு விடையாகக் கொள்ளலாம். இம்மூன்றும் கட்டடத்தின் நெடிய வரலாற்றிலிருந்து ஒரு காலத்தை மட்டும் தெரிந்தெடுத்து ஏனையவற்றை விலக்குகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட கட்டுமானத்தின் இயல்பே எவ்வகைப் பேணல் இயலும் என்பதற்கு எல்லை வகுக்கிறது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: யாழ்ப்பாணக் கோட்டை, ஒல்லாந்தர் தேவாலயம், மரபுரிமைப் பேணல், முருகைக்கல், இடிபாடு, போர்நினைவு

1. முன்னுரை

பழைய தேவாலயமொன்றின் எதிர்காலம் பற்றிய வினா பெரும்பாலும் அதன் சபையைப் பற்றிய வினாவாகவே அமையும். வழிபடுவோர் குறைந்து செல்கையில் கூரையைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது, கட்டடத்தை வேறொரு பயன்பாட்டுக்கு மாற்றலாமா என்பனவே வழமையாக எழும் கேள்விகள். யாழ்ப்பாணக் கோட்டைத் தேவாலயத்தின் நிலை இதனின்றும் வேறுபட்டது. அங்கே சபையும் இல்லை, கூரையும் இல்லை. எஞ்சியிருப்பவை சில சுவர்த்துண்டுகளும் கற்குவியல்களும் தரையின் அடிச்சுவடுமே. ஆயினும் அது தொல்பொருட் பெறுமதி கொண்ட கோட்டையொன்றின் உள்ளே அமைந்திருக்கிறது. அக்கோட்டையைக் காண நாள்தோறும் மக்கள் வருகின்றனர். ஆகவே அதனை என்செய்வது என்ற வினா தவிர்க்க இயலாததாகிறது.

ஒல்லாந்தர் இதனைக் 'குறொய்ஸ் கேர்க்' என வழங்கினர். சிலுவைத் தேவாலயம் என்பது இதன் பொருள். நான்கு கைகளும் ஏறத்தாழச் சமமாயமைந்த கிரேக்கச் சிலுவையின் வடிவில் அதன் நிலப்படம் அமைந்திருந்தமையே இப்பெயருக்குக் காரணம். இலங்கையில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயங்களுள் காலியில் 1755இல் முடிவுற்ற பெரிய தேவாலயமும், கொழும்பில் 1757இல் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயமும் இன்றும் வழிபாட்டில் உள்ளன. அவ்விரண்டுக்கும் மூத்த யாழ்ப்பாணத் தேவாலயமே அழிந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கட்டடக்கலையன்று. அவை நின்ற நகரங்களின் அரசியல் வரலாறே ஆகும்.

2. ஓரிடத்தில் பல காலங்கள்

இத்தேவாலயத்தை 'ஒல்லாந்தருடையது' என்று மட்டும் குறிப்பிடுவது வசதியானது, ஆயினும் முழுமையானதன்று. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை 1619இல் கைப்பற்றியபின் எழுப்பிய கோட்டை 'அற்புதங்களின் அன்னை' பெயரால் வழங்கியது. அவ்வன்னைக்குரிய கத்தோலிக்கத் தேவாலயம் கோட்டையினுள்ளே இருந்தது. 1658இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியபின் அவர்கள் முதலில் போர்த்துக்கேயரின் கட்டடங்களையே தம் சீர்திருத்த வழிபாட்டுக்குப் பயன்படுத்தினர். கோட்டை ஐங்கோண வடிவில் மாற்றியமைக்கப்பட்டு, அதன் ஐந்து கொத்தளங்களுக்கும் நெதர்லாந்து மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன. அம்மாற்றங்களின் தொடர்ச்சியாகவே 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் தோன்றிற்று. எனவே அது ஒரு காலனிய ஆட்சி மற்றொன்றின் மேல் தன்னை எழுதிக்கொண்டதன் விளைவாகும்.

போர்த்துக்கேயருக்கு முற்பட்ட அடுக்கும் உண்டு. 1621இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அக்கோயிலின் கற்கள் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்னும் செய்தி யாழ்ப்பாண வரலாற்று மரபில் ஆழ வேரூன்றியது. கோட்டையினுள் பழைய கற்கள் மீளப் பயன்படுத்தப்பட்டமைக்கு வலுவான சான்றொன்றும் உள்ளது. அங்குக் காணப்பட்ட சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டொன்றைக் கா. இந்திரபாலா 1971இல் ஆராய்ந்து வெளியிட்டார். போருக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ப. புஷ்பரட்ணமும், பின்னர் பிரித்தானியாவின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபின் கொனிங்ஹாம் முதலியோரும் கோட்டையில் நிகழ்த்திய அகழாய்வுகள், ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட மட்பாண்டங்களையும் அயல்நாட்டு வணிகத் தொடர்பின் தடயங்களையும் வெளிக்கொணர்ந்தன. கோட்டை எழுந்தது வெற்று நிலத்திலன்று. கடல்வணிகத்தோடு தொடர்புடைய பழைய குடியிருப்பொன்றின் மேலேயே எழுந்தது.

தேவாலயம் கட்டப்பட்ட ஆண்டும் தமிழ் ஆய்வுக்கு அயலானதன்று. ஆளுநர் கோர்னேலிஸ் யோன் சைமன்ஸ் ஆட்சியிலிருந்த அதே காலப்பகுதியில்தான் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுக்கும் பணி கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தொகுத்தளித்த 'தேசவழமை' பன்னிரு முதலிமாரால் சரிபார்க்கப்பட்டு 1707இல் சட்டவலுப் பெற்றது. அத்தொகுப்பு வட இலங்கைத் தமிழரின் சொத்துரிமையை இன்றும் ஆள்கிறது. தேவாலயமும் சட்டத்தொகுப்பும் ஒரே நிருவாகத்தின் இரு வெளிப்பாடுகள். ஒன்று ஆள்வோருக்குரிய வழிபாட்டிடம். மற்றையது ஆளப்படுவோரின் வழக்கத்தை எழுத்தில் அடக்கியது. முன்னையதை அந்நியம் என்று தள்ளுவோர் பின்னையதைத் தம் மரபென ஏற்பது கவனிக்கத்தக்க முரண்.

ஒல்லாந்தர் ஆட்சி 1795இல் முடிவுற்றது. பிரித்தானியர் காலத்திலும் அதன் பின்னரும் ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் கொழும்புக்கும், 1950களுக்குப் பின் பெருமளவில் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தன. தேவாலயத்தின் சபை போருக்கு முன்னரே தேய்ந்துவிட்டிருந்தது. எனினும் தரையிலும் சுவரிலும் பதித்த கல்லறைப் பலகைகள் இருந்தன. யோன் பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை எழுத்துகளின் பட்டியல் நூல், அத்தகைய பலகைகளின் வாசகங்களை அச்சில் காத்தது. டபிள்யூ. ஏ. நெல்சன் 1984இல் வெளியிட்ட ஒல்லாந்தர் கோட்டைகள் பற்றிய நூல், பேரழிவுக்குச் சில ஆண்டுகள் முன் யாழ்ப்பாணக் கோட்டை இருந்த நிலையை அறிய உதவுகிறது.

பின்னர் போர் வந்தது. 1980களில் இராணுவ முகாமாயிருந்த கோட்டையிலிருந்து ஏவப்பட்ட எறிகணைகள் நகரின்மேல் வீழ்ந்தன. 1990இல் விடுதலைப் புலிகள் கோட்டையை மூன்று மாதங்களுக்கு மேலாக முற்றுகையிட்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியில் இராணுவம் அங்கிருந்து வெளியேறியது. முற்றுகைக் காலத்தின் தாக்குதல்களிலும், கோட்டை கைமாறியபின் நிகழ்ந்த தகர்ப்புகளிலும் உட்கட்டடங்கள் பலவும் அழிந்தன. தேவாலயம் அவற்றுள் ஒன்று. அதன் அழிவை ஒரு தரப்பின் கணக்கில் மட்டும் எழுதிவிடல் இயலாது.

3. மீளக்கட்டுதலுக்கான வாதம்

மீளக்கட்ட வேண்டும் என்போரின் வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. கோட்டை மதில்களை நெதர்லாந்தின் உதவியுடன் மத்திய கலாசார நிதியமும் தொல்லியல் திணைக்களமும் மீட்டெடுக்கும் பணி போர் முடிந்த கையோடு தொடங்கியது. மதிலை மீட்டெடுத்தோர் அதனுள்ளிருந்த முதன்மைக் கட்டடத்தை ஏன் விட வேண்டும் என்பது நேரிய கேள்வி. மதில் மட்டும் நின்று உள்ளே எதுவும் இல்லையாயின் காண்போருக்குக் கோட்டை என்பது வெறும் காவலரண் என்றே தோன்றும். அங்கு மக்கள் வாழ்ந்தனர், மணந்தனர், இறந்தனர் என்பது புலப்படாது. சுற்றுலா வருவாய், தொழில்வாய்ப்பு, கைவினைப் பயிற்சி ஆகியனவும் இவ்வாதத்துக்குத் துணைநிற்கும்.

முன்னுதாரணங்களும் உண்டு. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சில் இடிந்த அன்னை தேவாலயம் நெடுங்காலம் இடிபாடாகவே கிடந்து, 1994இல் தொடங்கிய பணியால் 2005இல் மீண்டும் எழுந்தது. போலந்தின் வார்சா நகரத்தின் பழைய பகுதி போருக்குப் பின் முழுமையாக மீளக்கட்டப்பட்டும் 1980இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மீளக்கட்டிய எதுவும் போலியே என்று சொல்லிவிடல் இவற்றின் முன் நிலைக்காது.

ஆயினும் இவ்வுதாரணங்கள் வெற்றி பெற்றமைக்கான காரணங்களை நோக்குதல் வேண்டும். டிரெஸ்டனில் ஒரு சபை இருந்தது. கட்டடத்தைக் கேட்ட நகரமக்கள் இருந்தனர். வார்சாவில் தம் நகரையே அழித்தொழிக்க முயன்ற பகைவனுக்கு எதிராக ஒரு மக்களினம் தன் இருப்பை மீளக்கட்டியது. இரண்டிலும் மீளக்கட்டியோரும் இழந்தோரும் ஒருவரே. யாழ்ப்பாணத்தில் இழந்த சபை இன்று அங்கில்லை. நகரமக்களுக்கோ, அத்தேவாலயம் நின்ற கோட்டையே அச்சத்தின் இருப்பிடமாக இருந்தது. அவர்கள் இழந்தவை வீடுகள், வீதிகள், உறவுகள். அவற்றுக்கு முன் ஆட்சியாளரின் தேவாலயம் எழுந்துவிடுமாயின் அது எவ்வகையில் மீட்சியாகும் என்ற வினாவுக்கு மீளக்கட்டுவோர் விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இங்கு நினைவுகூரத்தக்கது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப் பணி நிற்க வேண்டும் என அது வரையறுக்கிறது. ஒரு கட்டடத்தின்மேல் எல்லாக் காலங்களும் விட்டுச்சென்ற தகுதிவாய்ந்த சுவடுகளை மதிக்கக் கோருகிறது. அகழாய்வு பற்றிய பகுதியில், புதிதாக மீளக்கட்டலை விலக்கி, சிதறிக் கிடக்கும் மூலப் பகுதிகளை உரிய இடத்தில் மீளப் பொருத்துதலை மட்டுமே ஏற்கிறது. சாசனம் சட்டமன்று, வார்சாவே அதற்குப் புறநடை. ஆயினும் புறநடையை வேண்டுவோர் வார்சாவினதற்கு ஒத்த காரணத்தைக் காட்டுதல் வேண்டும்.

4. இடிபாடே சாட்சி என்னும் வாதம்

இதற்கு மறுதலையானது, இடிபாட்டை அவ்வாறே விட்டுவிட வேண்டும் என்னும் நிலைப்பாடு. போரின் கொடுமைக்கு இடிந்த சுவரைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. பூசி மெழுகிய சுவர் வரலாற்றை மறைத்துவிடும் என்பது இதன் சாரம். இவ்வச்சத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே அடிப்படை உண்டு. கோட்டைக்கு அண்மையிலுள்ள பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. பின்னர் நூலகம் பழைய தோற்றத்திலேயே மீளக்கட்டப்பட்டது. எரிந்த கட்டடத்தை நினைவுச்சின்னமாக விட்டுப் புதிய நூலகத்தை வேறிடத்தில் அமைத்திருக்கலாம் என்ற கருத்து அப்போது வலுவாக ஒலித்தது. இன்று வெண்சுவரோடு நிற்கும் நூலகத்தைக் காணும் அயலார் அங்கு என்ன நிகழ்ந்தது என்பதைக் கட்டடத்தைக் கொண்டு அறிய முடிவதில்லை.

எனினும் நூலகத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நூலகத்துக்கு வாசகர் இருந்தனர். நாள்தோறும் நூல் வேண்டி வரும் மாணவருக்கு இடிபாட்டால் பயனில்லை. பயன்பாட்டின் தேவையும் சாட்சியின் தேவையும் அங்கு மோதின, பயன்பாடு வென்றது, அதில் நியாயமும் இருந்தது. தேவாலயத்தில் அத்தகைய மோதல் இல்லை. வழிபடுவோர் காத்திருக்கவில்லை. ஆகவே சாட்சியாக நிற்கும் வாய்ப்பு நூலகத்துக்குக் கிட்டாத அளவில் தேவாலயத்துக்குக் கிட்டியுள்ளது. இது இந்நிலைப்பாட்டின் வலிமையான பகுதி.

அதன் வலுவற்ற பகுதி 'விட்டுவிடுதல்' என்னும் சொல்லிலேயே அடங்கியுள்ளது. இடிபாடு அசையாப் பொருளன்று. கூரை இழந்த சுவரின் தலைப்பகுதி வழியே வடகிழக்குப் பருவமழை உள்ளிறங்கும். சாந்து கரையும். பறவை எச்சத்தில் முளைத்த ஆலும் அரசும் பிளவுகளில் வேரோடும். அருகிலுள்ள கடனீரேரியின் உப்பு காற்றோடு வந்து கல்லினுள் படிகமாகி அதனை உதிர்க்கும். தீண்டாமல் விடப்படும் இடிபாடு சில தலைமுறைகளில் மேடாகும். அப்போது அது போருக்கும் சாட்சியாயிராது, ஒல்லாந்தருக்கும் சாட்சியாயிராது. இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1940 நவம்பரில் குண்டுவீச்சுக்கு இலக்கான பேராலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்பதற்குக் காரணம் அவை விட்டுவிடப்பட்டமையன்று. அவற்றின் அருகே 1962இல் புதிய பேராலயம் எழுந்தது. பழையதன் இடிபாடு இடையறாத கவனிப்போடு பேணப்பட்டது. இடிபாட்டைக் காப்பதும் ஒரு கட்டுமானப் பணியே. அதற்கும் பணமும் கைத்திறனும் வேண்டும்.

இன்னொரு குறைபாடும் உண்டு. இடிபாட்டை 1990இன் சாட்சியாக மட்டும் நிறுத்தினால், அதனடியிலும் சுற்றிலும் உள்ள ஏனைய காலங்கள் மங்கிவிடும். மேலும், எந்தப் போரின், யாருடைய சாட்சி என்பதைக் கல் தானே சொல்லாது. அருகே நடப்படும் அறிவிப்புப் பலகையே சொல்லும். அப்பலகையை எழுதும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதைப் பேசாமல் சாட்சியைப் பற்றி மட்டும் பேசுதல் பாதி வாதமே.

5. 'நமதன்று' என்னும் வாதம்

மூன்றாவது நிலைப்பாடு எழுத்தில் குறைவாகவும் பேச்சில் மிகுதியாகவும் காணப்படுவது. கோயிலை இடித்த கல்லில் எழுந்த கோட்டை. அதனுள் ஆண்டோர் கட்டிய தேவாலயம். அது வீழ்ந்தமைக்குத் தமிழர் வருந்துவானேன் என்பது இதன் தொனி. இவ்வுணர்வின் பின்னாலுள்ள வரலாற்றுக் காயம் மெய்யானது. ஒல்லாந்தர் ஆட்சியில் சைவ வழிபாடு பொதுவெளியில் தடுக்கப்பட்டது. அரச உத்தியோகம் வேண்டியோர் பெயரளவிலேனும் ஞானஸ்நானம் பெற நேர்ந்தது. ஊர்தோறும் பள்ளியும் தேவாலயமும் ஒரே கண்காணிப்பின்கீழ் இயங்கின. பிலிப்பு பல்தேயு 1672இல் வெளியிட்ட நூலிலுள்ள குடாநாட்டுத் தேவாலயச் சித்திரங்கள் அவ்வமைப்பின் பரப்பைக் காட்டுகின்றன.

ஆனால் இக்காயமே கல்லைப் பேணுவதற்கான காரணமும் ஆகும். நல்லூர்க் கோயிலின் கல் கோட்டைச் சுவரில் உள்ளது என்று கூறுவோருக்கு, அக்கல்லைத் தேடிக் காணவும் அடையாளப்படுத்தவும் வாய்ப்புள்ள இடங்களுள் தேவாலயத்தின் இடிபாடும் ஒன்று. முழுச்சுவராய் நின்றபோது பூச்சின் பின்னே மறைந்திருந்த கற்கள் இப்போது வெளிப்பட்டுக் கிடக்கின்றன. அக்குவியலை அந்நியக் குப்பை எனக் கருதி அகற்றினால், இழந்த கோயிலைப் பற்றிய தடயமும் உடன் அகலக்கூடும். போர்க்காலத்தில் கோட்டையின் கற்கள் பல வெளியே கொண்டுசெல்லப்பட்டன என்பதையும் இங்கு மறத்தலாகாது. எடுத்துச் செல்லப்பட்ட ஒவ்வொரு கல்லும் இனிப் படிக்க இயலாத ஆவணமே.

வீடற்றோர் இருக்கையில் இடிந்த தேவாலயத்துக்குச் செலவிடலாமா என்ற எதிர்ப்பும் இந்நிலைப்பாட்டோடு சேர்ந்தே எழும். இது முழு மீளக்கட்டலுக்கு எதிராக வலுவுடையது. குறைந்த செலவில் சுவரை நிலைப்படுத்திக் கற்களைப் பதிவு செய்வதற்கு எதிராக அதே வலு அதற்கில்லை.

6. கட்டடப் பொருள் விதிக்கும் எல்லை

மேற்கூறிய மூன்று நிலைப்பாடுகளும் கட்டடத்தை ஒரு குறியீடாகவே அணுகுகின்றன. அது கல்லாலும் சாந்தாலும் ஆனது என்பது பேச்சில் பின்தள்ளப்படுகிறது. குறியீட்டின் எதிர்காலத்தை மனிதர் தீர்மானிக்கலாம். கல்லின் எதிர்காலத்துக்கு அதன் இயல்பும் எல்லை வகுக்கும்.

முதலாவது, கல்லின் வகை. டிரெஸ்டன் தேவாலயம் அளவெடுத்துச் செதுக்கிய மணற்கற்களால் ஆனது. வீழ்ந்த கல்லொன்றின் வடிவத்தையும் அளவையும் கொண்டு அது எங்கிருந்தது எனக் கண்டறிய முடிந்தது. யாழ்ப்பாணத் தேவாலயத்தின் சுவர்கள் ஒழுங்கற்ற முருகைக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் இட்டுக் கட்டி மேலே பூசியவை. அத்தகைய கல்லுக்குத் தனி முகவரி இல்லை. ஆகவே வீழ்ந்தவற்றை உரிய இடத்தில் பொருத்துதல் என்பது செதுக்கிய வளைவுக்கற்கள், வாயில் அலங்காரங்கள், எழுத்துப் பொறித்த பலகைகள் ஆகியவற்றுக்கே இயலும். சுவரைப் பொறுத்தவரை, பழைய கல்லைக் கொண்டு கட்டினாலும் எழுவது புதிய சுவரே.

இரண்டாவது, கல்லின் கிடைப்பு. 1988ஆம் ஆண்டின் கரையோரப் பேணல் திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்கிறது. கடலரிப்பைத் தடுக்கும் முருகைப் பாறைகளைக் காப்பதே அதன் நோக்கம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எளிதில் கிடைத்த பொருள் இன்று சூழலியல் காரணத்தால் காக்கப்படும் பொருள். எனவே முழு மீளக்கட்டலுக்கு வேறு கல்லை அல்லது கொங்கிறீற்றை நாட நேரிடும். உருவம் 1706இனதாகவும் பொருள் இன்றையதாகவும் உள்ள கட்டடம் எதனை மீட்டெடுக்கிறது என்ற ஐயம் அப்போது எழும்.

மூன்றாவது, சாந்து. போட்லண்ட் சீமெந்து முருகைக்கல்லைவிட வன்மையானது; ஈரத்தை வெளிவிடாதது. அதனைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பினால் சுவரின் ஈரமும் உப்பும் கல்லின் வழியாகவே வெளியேற முற்படும். சீமெந்து நிலைத்து நிற்கக் கல் உதிரும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அவசரச் செப்பனிடல் இவ்வாறு பழைய கட்டடங்களை அழித்ததற்குப் பல நாடுகளில் சான்றுகள் உள்ளன. சுண்ணாம்பைச் சுட்டு, நீற்றி, புளிக்கவைத்துச் சாந்தாக்கும் கைத்திறன் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளைக் கட்டிய கொத்தர்களிடம் இருந்தது. இன்று அத்திறனும் கட்டடத்தைப் போலவே அருகிவரும் மரபுரிமை. கோட்டையின் எந்தப் பணியும் அத்திறனை இளையோர் கைகளில் சேர்க்குமாயின், அது கட்டடத்தைக் கடந்த பயனாகும்.

7. செய்யத்தக்கன

மேற்கண்ட மதிப்பீட்டிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். முதலில் வேண்டுவது இறுதித் தீர்மானமன்று. தீர்மானிக்கும் வாய்ப்பை அடுத்த தலைமுறைக்கும் விட்டுவைக்கும் நடவடிக்கையே. நிற்கும் சுவர்களின் தலையைச் சுண்ணாம்புச் சாந்தால் மூடி மழைநீரை வடியச் செய்தல், வேர்களை அகற்றல், சாய்ந்த பகுதிகளுக்கு முட்டுக்கொடுத்தல் ஆகியவை இதிலடங்கும். இவை அனைத்தும் பின்னர் நீக்கத்தக்கவை. எந்த எதிர்கால முடிவுக்கும் தடையாகாதவை.

அடுத்தது கற்களைப் பிரித்தறிதல். குவியலை அகற்றுதல் என்பது துப்புரவுப் பணியாகாமல் அகழாய்வின் ஒழுங்கோடு நிகழ வேண்டும். எழுத்துள்ள கல், செதுக்கிய கல், கோயிற்கட்டட அமைதி காட்டும் கல், வெடித்தடம் பதிந்த கல் என ஒவ்வொன்றும் கிடந்த இடத்தோடு பதிவு பெறல் வேண்டும். லூயிஸ் அச்சிட்ட வாசகங்களோடு எஞ்சிய பலகைகளை ஒப்பிட்டால் எவை உள்ளன, எவை இல்லை என்பது தெளியும். இப்பதிவு தமிழிலும் கிடைத்தல் இன்றியமையாதது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றிய அறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பின், அதனருகே வாழும் மாணவர் தம் நகரைப் பற்றி அயலார் வழியாகவே அறிய நேரும்.

மூன்றாவது, பகுதியளவு மீளமைப்பு. அடையாளம் காணத்தக்க வாயில் அல்லது வளைவுப் பகுதி ஒன்றை மூலக் கற்களால் பொருத்தி, தேவாலயத்தின் சிலுவை வடிவ நிலப்படத்தைத் தரையில் தெளிவாகக் காட்டினால், கட்டடத்தின் அளவும் அமைப்பும் காண்போருக்குப் புலப்படும். அதன் அழிவும் மறையாது. முழு உருவத்தைப் படங்களாலும் கணினி மாதிரிகளாலும் காட்டலாம். அவ்வகை மாதிரியில் பிழை நேரின் திருத்திவிடலாம். கொங்கிறீற்றில் நேர்ந்த பிழை நிலைத்துவிடும்.

நான்காவது, தீர்மானிக்கும் முறை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்கீழ் அதிகாரம் அரச திணைக்களத்துக்கு உரியது. ஆயினும் சட்டப்படியான அதிகாரமும் ஒழுக்கநெறிப்படியான உரிமையும் ஒன்றல்ல. யாழ்ப்பாண மாநகர மக்கள், பல்கலைக்கழகம், சீர்திருத்தத் திருச்சபை, எறிகணை வீச்சின் காலத்தைக் கண்ட முதியோர் ஆகியோரின் கருத்தறியாமல் எடுக்கப்படும் முடிவு எவ்வளவு நேர்த்தியான கட்டடத்தைத் தரினும் இன்னொரு கைப்பற்றலாகவே நினைக்கப்படும். அறிவிப்புப் பலகையின் வாசகம் முதலில் விவாதிக்கப்பட வேண்டும். கல் அதன் பின்னர் எழலாம்.

8. முடிவுரை

யாழ்ப்பாணக் கோட்டைத் தேவாலயத்தை 1706க்குத் திருப்புவோரும், 1990இல் நிறுத்துவோரும், 1621ஐ முன்னிட்டு ஒதுக்குவோரும் அதன் வரலாற்றில் ஒரு பக்கத்தையே படிக்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் கூறுவதில் உண்மை உண்டு. அவ்வுண்மைகள் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை. அவை அனைத்துக்கும் இடமளிப்பது நிலைப்படுத்தி, பதிவுசெய்து, பகுதியளவில் மீளப்பொருத்திய இடிபாடே. வழிபாட்டிடமாக அதன் பணி முடிந்துவிட்டது. ஆவணமாக அதன் பணி போதிய அளவில் தொடங்கவில்லை. நல்லூரின் கல்லும் ஒல்லாந்தரின் வளைவும் வெடியின் தடமும் ஒரே குவியலில் கிடக்கும் இடம் இலங்கைத் தமிழர் வரலாற்றில் அரிது. அக்குவியலைப் படித்து முடிக்குமுன் அகற்றிவிடாமலும் மழையில் கரையவிடாமலும் காத்தலே இப்போதைக்கு உறுதியாகச் செய்யத்தக்க கடமையாகும்.